ராயல் ஸ்காட்: பெயர் ஓர் எஞ்சினுடையது, இரும்பு இன்னொன்றினுடையது

பிரிட்டனில் பாதுகாக்கப்பட்டிருக்கும் நீராவி எஞ்சின்களில் 46100 ராயல் ஸ்காட்டைப் போலப் பார்த்தவுடன் நிற்க வைக்கும் எஞ்சின்கள் சிலவே. அதன் பக்கவாட்டில் இரண்டு தகடுகள் இருக்கின்றன. மேலே வளைந்த பெயர்ப்பலகை. அதற்குக் கீழே இன்னொரு தகடு. இந்த எஞ்சின் 1933இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் போனது, கனடாவிலும் அமெரிக்காவிலும் 11,194 மைல் ஓடியது, 30,21,601 பேர் அதைப் பார்வையிட்டார்கள் என்று அந்தத் தகடு சொல்கிறது.

இரண்டு தகடுகளும் ஒரே எஞ்சினைப் பற்றிப் பேசுகின்றன என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படியில்லை. ராயல் ஸ்காட் என்ற பெயரோடு பிறந்த எஞ்சின் 1927இல் கிளாஸ்கோவில் செய்யப்பட்டது. அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்கா போன எஞ்சின் 1930இல் டெர்பியில் செய்யப்பட்டது. அதன் சொந்தப் பெயர் வேறு, சொந்த எண் வேறு. பயணத்துக்காக இரண்டின் அடையாளங்களையும் மாற்றிப் பொருத்தினார்கள். திரும்பி வந்த பிறகு பழையபடி மாற்றவே இல்லை.

அப்படியானால் இன்று நம் முன் நிற்பது எது? இந்தக் கேள்விக்குக் காகிதத்தையும் இரும்பையும் சேர்த்துப் படித்து எவ்வளவு தூரம் விடை சொல்ல முடியும் என்பதுதான் இந்த ஆய்வு. வழியில் வேறு சில எஞ்சின்களையும் சந்திப்போம். தனியாக ஒரு எஞ்சினை எடுத்துக்கொண்டு இந்தக் கேள்வியைத் தீர்க்க முடியாது.

1933இல் நடந்தது

லண்டன் மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வே, சுருக்கமாக எல்.எம்.எஸ்., தன் கனமான விரைவு ரயில்களை இழுக்க வலுவான எஞ்சின்கள் இல்லாமல் திண்டாடிய காலம் அது. 1927இல் கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் நிறுவனத்திடம் ஒரே மூச்சில் 50 எஞ்சின்களை வாங்கியது. 6100 முதல் 6149 வரை அவற்றின் எண்கள். 1930இல் தன் சொந்த டெர்பி பணிமனையில் இன்னும் 20 எஞ்சின்களைச் செய்துகொண்டது. அவை 6150 முதல் 6169 வரை. வரிசையின் முதல் எஞ்சினான 6100க்கு (ரயில்வேக்கள் அரசுடைமையான 1948இல் இந்த எண்ணே 46100 ஆனது), லண்டன் யூஸ்டனிலிருந்து கிளாஸ்கோ போகும் புகழ்பெற்ற பகல் ரயிலின் பெயரையே சூட்டினார்கள். அதுதான் ராயல் ஸ்காட்.

சிகாகோவுக்கு ஒரு ரயிலை முழுதாக அனுப்பலாம் என்று முடிவானபோது நிர்வாகத்துக்கு இரண்டு தேவைகள் இருந்தன. ஊருக்கெல்லாம் தெரிந்த பெயர் வேண்டும். சொந்த ஷெட்டுகளிலிருந்து பல ஆயிரம் மைல் தள்ளி, மாதக்கணக்கில் பழுதில்லாமல் ஓடக்கூடிய எஞ்சினும் வேண்டும். பெயர் 6100இடம் இருந்தது. வயதில் மூன்று ஆண்டு இளையதாக, டெர்பியில் செய்த 6152 இருந்தது. அதன் பெயர் தி கிங்ஸ் டிரகூன் கார்ட்ஸ்மன். இதன் எண்ணையும் பெயரையும் அதற்கும், அதனுடையதை இதற்கும் கொடுத்தார்கள். அமெரிக்கத் தண்டவாளங்களில் ஓடுவதற்காகப் பெரிய முகவிளக்கையும் மணியையும் மாட்டிக் கப்பலில் ஏற்றினார்கள்.

இதை மோசடி என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ரயில்வேக்காரர்களுக்கு எண் என்பது எஞ்சினின் உயிர் அல்ல, கணக்குப் புத்தகத்தின் ஒரு வரி. பெயரோ ரயிலின் விளம்பரம். பெயரும் எண்ணும் இரும்போடு பிரிக்க முடியாமல் ஒட்டியிருக்க வேண்டும் என்ற எண்ணம் நமக்கு, பின்னாளில் வந்தவர்களுக்கு, அருங்காட்சியகத்தின் கண்ணாடி வழியாகப் பார்ப்பவர்களுக்கு உண்டானது. பணிமனையில் வேலை செய்தவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்கும்.

1927இல் பிறந்த உண்மையான 6100, அதன் பிறகு 6152 என்ற எண்ணோடு உழைத்து, 1960களில் விலக்கப்பட்டு உடைக்கப்பட்டது. அதற்காக யாரும் வருந்தியதாகத் தெரியவில்லை. அதன் மேல் எழுதியிருந்த பெயர் யாரையும் வருந்த வைக்கும் அளவுக்குப் புகழ்பெற்றதாக இருக்கவில்லை.

பாத்திரத்தில் வெட்டிய பெயர்

கல்யாண வீட்டில் நாலு வீட்டு அண்டாவும் குண்டானும் கலந்துபோன பிறகு எப்படிப் பிரிக்கிறோம்? விளிம்பில் வெட்டிய பெயரைப் பார்க்கிறோம். சில பாத்திரங்களில் ஒரு பெயருக்கு மேல் கோடிழுத்து இன்னொரு பெயர் இருக்கும். தாய் வீட்டிலிருந்து வந்தது, மகள் வீட்டுக்குப் போனது என்று அதிலிருந்து ஒரு குடும்பக் கதையே படிக்கலாம்.

நீராவி எஞ்சின் பணிமனையிலும் இதே வழக்கம்தான். பிஸ்டனின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கனெக்டிங் ராடு, சக்கரங்களை ஒன்றோடொன்று கோக்கும் கப்ளிங் ராடு, வால்வுகளை இயக்கும் தண்டுகள் ஆகிய எல்லாவற்றிலும் எஞ்சின் எண்ணையும், இடமா வலமா என்பதையும் உளி போன்ற எழுத்தச்சால் குத்துவார்கள். காரணம் எளியது. எஞ்சினைப் பிரித்துப் போட்டால் ஒரே நேரத்தில் பத்து எஞ்சின்களின் தண்டுகள் கழுவும் தொட்டியில் கிடக்கும். ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒவ்வொன்றும் தன் இணைக்கேற்பத் தேய்ந்திருக்கும். எண் இல்லையென்றால் மறுபடி சேர்க்க முடியாது. ஒரு தண்டு வேறு எஞ்சினுக்குப் போனால் பழைய எண்ணைக் கோடிட்டு அடித்துவிட்டு அருகில் புதிய எண்ணைக் குத்துவார்கள். பழையது பெரும்பாலும் மறையாது. அதுவே நமக்குச் சாட்சி.

எண்கள் மாறிய காலமும் உதவிக்கு வரும். உலகமறிந்த பிளையிங் ஸ்காட்ஸ்மன் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 1923இல் டான்காஸ்டரில் பிறந்தபோது அதன் எண் 1472. 1924இல் 4472 ஆனது. 1946 ஜனவரியில் 502, அதே ஆண்டு மே மாதத்தில் 103, 1948இல் 60103. அதன் பாகம் ஒன்றில் 502 என்று குத்தியிருந்தால், அதைக் குத்திய காலத்தைச் சில மாதங்களுக்குள் அடக்கிவிடலாம். கல்வெட்டில் ஆட்சியாண்டு கிடைத்தது போன்றது அது. ஆனால் அதே எண் வேறொரு காலத்தில் வேறொரு எஞ்சினுக்கும் இருந்திருக்கலாம். எண்ணைக் கண்டவுடன் துள்ளக் கூடாது. அந்த எண்ணை யார் யார் எப்போது வைத்திருந்தார்கள் என்ற பட்டியலை முதலில் பார்க்க வேண்டும்.

ராயல் ஸ்காட்டில் இந்த முறைக்கே ஒரு கண்ணி இருக்கிறது. 1933இல் அடையாளம் மாறிய பிறகு பணிமனையில் குத்திய எண்கள் எல்லாம் புதிய அடையாளத்தின்படியே இருக்கும். ஆகவே அதன் தண்டில் 6100 என்று மட்டும் இருந்தால் எதுவும் நிரூபணமாகாது. அது மாற்றத்துக்குப் பின் குத்தியதாகவும் இருக்கலாம், கிளாஸ்கோ எஞ்சினிலிருந்து பிறகு வந்து சேர்ந்த தண்டாகவும் இருக்கலாம். அடித்துவிட்ட 6152, அதன் அருகே 6100 என்று இருந்தால் மதிப்பு அதிகம். அப்போதும் ஒரு தண்டை நம்பக் கூடாது. தண்டுகள் ஊர் சுற்றுபவை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து பாகங்கள் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். அவற்றில் ஒன்றாவது சட்டகமாக இருந்தால் நல்லது. எஞ்சினின் முதுகெலும்பான அந்தப் பக்கத் தகடுகள்தான் மற்றவற்றைவிடக் குறைவாக இடம் மாறுபவை.

ஏன் மாற்றினார்கள்

ஒரு பெரிய எஞ்சின் முழுப் பழுதுபார்ப்புக்கு வரும்போது கொதிகலனைத் தூக்கி ஒருபுறமும், சட்டகத்தை ஒருபுறமும், சக்கரங்களை ஒருபுறமும் அனுப்புவார்கள். இவற்றில் கொதிகலனுக்குத்தான் நாள் அதிகம் பிடிக்கும். நெருப்பறைத் தகட்டைச் சரிசெய்ய வேண்டும், நூற்றுக்கணக்கான பிணைக்கம்பிகளைச் சோதிக்க வேண்டும், குழாய்களை மாற்ற வேண்டும், நீரழுத்தச் சோதனை வைக்க வேண்டும். சட்டகம் தயாரான பிறகும் கொதிகலனுக்காகக் காத்திருந்தால் எஞ்சின் சும்மா நிற்கும். அதனால் எஞ்சின்களின் எண்ணிக்கையைவிடச் சில கொதிகலன்களைக் கூடுதலாகச் செய்து வைத்தார்கள். எது முதலில் தயாரோ அது முதலில் வந்த சட்டகத்தின் மேல் ஏறும். உள்ளே போன கொதிகலனோடு அதே எஞ்சின் வெளியே வருவது தற்செயல்.

ஒரே வகைக் கொதிகலன் பல வகை எஞ்சின்களுக்குப் பொருந்தினால் வட்டம் இன்னும் விரியும். ராயல் ஸ்காட் வகையை 1943 முதல் 1955 வரை புதுப்பித்தபோது பொருத்திய 2ஏ என்ற கொதிகலன், அந்த வகையின் 70 எஞ்சின்களுக்கு மட்டுமல்ல, திருத்திய பேட்ரியட் வகையின் 18 எஞ்சின்களுக்கும், ஜூபிலி வகையில் இரண்டுக்கும் பொதுவானது. ஆகவே இன்று ஒரு ஸ்காட் எஞ்சின் சுமக்கும் கொதிகலன் தன் முன்வாழ்க்கையில் ஒரு பேட்ரியட்டின் மேல் இருந்திருக்கலாம். கொதிகலனுக்குத் தனி எண், தனிப் பதிவு. அதன் வாழ்க்கை வரலாற்றை எஞ்சினின் வரலாற்றோடு குழப்பாமல் தனியாகத்தான் எழுத வேண்டும். டெண்டரும் அப்படியே. நிலக்கரியும் தண்ணீரும் சுமந்து பின்னால் வரும் அந்த வண்டியைப் போல அடிக்கடி கைமாறியது வேறெதுவும் இல்லை.

எஞ்சின் அட்டை என்று ஒன்று பணிமனையில் இருக்கும். எந்தத் தேதியில் வந்தது, எத்தனை மைல் ஓடியது, எந்தக் கொதிகலன் ஏறியது, எந்த டெண்டர் சேர்ந்தது என்று அதில் எழுதுவார்கள். பாகங்களைத் தேடுபவருக்கு இதுதான் முதல் ஆவணம். ஆனால் அட்டை கொதிகலனை எழுதும், தண்டை எழுதாது. நள்ளிரவில் ஷெட்டில் ஒரு எஞ்சின் பழுதாகி, பக்கத்துத் தடத்தில் நின்ற எஞ்சினிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றி மாட்டி அனுப்பியதை எந்த அட்டையும் சொல்லாது. அதை உலோகத்தில் குத்திய எண் மட்டுமே சொல்லும்.

1950க்குப் பிறகு என்ன மிஞ்சியது

46100 புதுப்பிக்கப்பட்டது 1950இல். இங்கேதான் வழக்கு சிக்கலாகிறது. அந்தப் புதுப்பிப்பில் பழைய கொதிகலன் போனது, சிலிண்டர்கள் போயின, புகைப்பெட்டி போனது. அந்த வகையின் பல எஞ்சின்களில் சட்டகமே புதிதாக வந்தது. ஒரு பெயரையும் எண்ணையும் வைத்துக்கொண்டு, ஏறக்குறைய வேறொரு எஞ்சினைச் செய்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். வெளித்தோற்றமே மாறிவிட்டது. அமெரிக்கர்கள் பார்த்த அந்தத் தடித்த நேரான கொதிகலன் கொண்ட எஞ்சின் இப்போது எங்கும் இல்லை.

பின்னே ஏன் அதைப் புதிய எஞ்சின் என்று சொல்லவில்லை? கணக்கு. புதிய எஞ்சின் என்றால் மூலதனச் செலவு. புதுப்பிப்பு என்றால் பராமரிப்புச் செலவு. பிரிட்டனின் பழைய ரயில்வே நிறுவனங்கள் இந்த வழியைப் பலமுறை பயன்படுத்தியிருக்கின்றன. பழைய எஞ்சினிலிருந்து ஒரு சில பாகங்களை எடுத்துக்கொண்டு, மற்றதெல்லாம் புதிதாகச் செய்து, ஏட்டில் மட்டும் ஒரே எஞ்சின் தொடர்வதாக எழுதிவிடுவார்கள். இதே வகையில் இன்னும் துணிச்சலான ஒன்று உண்டு. 1929இல் செய்த ஃபியூரி என்ற உயரழுத்தச் சோதனை எஞ்சின், 1930இல் கார்ஸ்டேர்ஸ் அருகே குழாய் வெடித்து ஓர் உயிரைப் பலிகொண்டது. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு அதன் மிச்சத்திலிருந்து 6170 பிரிட்டிஷ் லீஜன் என்ற வேறு எஞ்சின் எழுந்தது. பின்னால் வந்த ஸ்காட் புதுப்பிப்புக்கு அதுவே முன்மாதிரி.

ஆகவே 46100இல் 1930ஆம் ஆண்டின் டெர்பி இரும்பு எவ்வளவு என்று கேட்டால், எங்கே தேட வேண்டும் என்று சொல்லலாம். சக்கரங்களின் மையங்கள், ஓட்டுநர் அறையின் பகுதிகள், இயக்கத் தண்டுகள், தாங்கிகள், சட்டகத்தின் மேல் குத்திய எண்கள். தேடாமலே 'இது 1927இன் எஞ்சின்' என்பதும் தவறு, 'இது முழுக்க 6152தான்' என்று முழங்குவதும் தவறு. இரண்டாவது கூட்டத்தின் மேல் எனக்கு வருத்தம் கொஞ்சம் அதிகம். அவர்களுக்கு 1933 தெரியும். ஆனால் அதைத் தெரிந்துகொண்டவுடன் 1950ஐ மறந்துவிடுகிறார்கள்.

திருப்பி மாற்றிய இணை

ஆறு ஆண்டுகள் கழித்து அதே நிறுவனம் அதே வேலையை மறுபடி செய்தது. இம்முறை நியூயார்க் உலகக் கண்காட்சி, 1939. புகழ் பெற்ற எஞ்சின் 6220 கொரோனேஷன். 1937 ஜூனில் மணிக்கு 114 மைல் வேகம் தொட்டதாக அறிவிக்கப்பட்டது. நீல உடம்பில் வெள்ளிக் கோடுகள். ஆனால் கப்பலேறியது 1938இல் குரூவில் செய்த 6229 டச்சஸ் ஆஃப் ஹாமில்டன். செந்நிற உடம்பில் தங்கக் கோடுகள். எண்ணும் பெயரும் கைமாறின. போர் மூண்டதால் அது உடனே திரும்ப முடியவில்லை. 1942இல்தான் ஊர் வந்து சேர்ந்தது. 1943இல் இரண்டும் தத்தம் பழைய அடையாளத்துக்குத் திரும்பின.

இந்த இணை பாகம் தேடுபவருக்கு நல்ல பாடம். 1939க்கும் 1943க்கும் இடையே பிரிட்டனில் எடுத்த படத்தில் நீல எஞ்சின் ஒன்று டச்சஸ் ஆஃப் ஹாமில்டன் என்ற பெயரோடு நின்றால், அது உண்மையில் கொரோனேஷன். அமெரிக்கப் படங்களில் செந்நிறத்தில் கொரோனேஷன் என்ற பெயரோடு நிற்பது உண்மையில் டச்சஸ். பெயரை மறைத்துவிட்டு உடம்பைப் படிக்கக் கற்றுக்கொள்வதற்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

இன்று யார்க் தேசிய ரயில் அருங்காட்சியகத்தின் தொகுப்பில் இருப்பது 6229. அமெரிக்கா போனது இதுதான், 114 மைல் வேகம் தொட்டது இதுவல்ல. அந்த வேகம் தொட்ட கொரோனேஷன் 1963இல் உடைக்கப்பட்டது. 6229இன் வெளியுறை 1947இல் கழற்றப்பட்டது. இப்போது அது அணிந்திருக்கும் வழவழப்பான உறை 2009இல் புதிதாகச் செய்தது. அதாவது கண்ணுக்கு முதலில் படுவது, வயதில் எல்லாவற்றையும்விட இளையது.

அந்த உறையோடு இன்னொரு தடயமும் பிணைந்திருக்கிறது. உறை போட்டுப் பிறந்த எஞ்சின்களின் புகைப்பெட்டி, உறைக்கு இடம் கொடுப்பதற்காக மேற்பக்கம் முன்னோக்கிச் சரிந்திருக்கும். உறையைக் கழற்றிய பிறகும் அந்தச் சரிந்த நெற்றி சில ஆண்டுகள் நீடித்தது. பிறகு ஒவ்வொன்றாக உருண்டையான புகைப்பெட்டிகள் வந்தன. ஒரு பழைய படத்தில் நெற்றி சரிந்திருந்தால் அது உறையோடு பிறந்த எஞ்சின் என்று எண்ணைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். எண் பொய் சொல்லும் இடத்தில் இப்படிப்பட்ட உடற்குறிகள்தான் கைகொடுக்கும்.

இரண்டு பாதுகாக்கப்பட்ட எஞ்சின்கள், ஒரு கொதிகலன்

இதுவரை சொன்னவை ரயில்வே நிறுவனங்கள் செய்த மாற்றங்கள். பாதுகாப்பு இயக்கம் தொடங்கிய பிறகும் மாற்றம் நிற்கவில்லை. மாற்றங்களை ஏட்டில் பதிந்துவந்த பணிமனைகள் மூடிவிட்டதால், தேடுவதும் கடினமாகிவிட்டது.

பிளையிங் ஸ்காட்ஸ்மனை 1963இல் ஆலன் பெக்லர் 3,000 பவுண்டுக்கு வாங்கினார். உடைபட்டுக்கொண்டிருந்த அதன் சகோதர எஞ்சின்களை நினைத்து உதிரிக் கொதிகலன் ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். பின்னாளில் எஞ்சின் மேல் ஏறியதோ ஏ4 வகைக் கொதிகலன். அது மல்லார்ட், பிட்டர்ன் போன்ற வழவழப்பான எஞ்சின்களின் வகை. பிளையிங் ஸ்காட்ஸ்மனின் சொந்த வகையான ஏ3இன் கொதிகலன் சதுர அங்குலத்துக்கு 220 பவுண்டு அழுத்தத்துக்குச் செய்தது, ஏ4 கொதிகலன் 250 பவுண்டுக்கு. குழாய்களின் நீளமும் ஒன்றல்ல. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் உள்ளே வேறு ஒருவரின் இதயம்.

2004இல் தேசிய ரயில் அருங்காட்சியகம் எஞ்சினை வாங்கியது. பிறகு அந்த ஏ4 கொதிகலனை, பிட்டர்னுக்கு உதிரியாக இருக்கட்டும் என்று அதன் உரிமையாளருக்கு விற்றுவிட்டு, பழைய ஏ3 கொதிகலனையே பழுதுபார்த்து ஏற்ற முடிவு செய்தது. 2006இல் தொடங்கிய அந்தப் புதுப்பிப்பு முடிந்து எஞ்சின் ஓடியது 2016இல். செலவு 42 லட்சம் பவுண்டு. தாமதத்துக்குக் காரணங்கள் பல. பிரித்த பிறகுதான் சட்டகத்தில் கண்ட விரிசல்கள் அவற்றில் முக்கியமானவை.

இந்தக் கொதிகலன் பரிமாற்றத்தை நான் தவறென்று சொல்ல மாட்டேன். பொருத்தமான கொதிகலன் பொருத்தமான எஞ்சினுக்குப் போவதில் என்ன தவறு? அது காகிதத்தில் பதிவாகியிருக்கிறது, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் இன்று இரண்டு பத்திகளில் இதைச் சொல்ல முடிகிறது.

பாரியில் பிரிந்த உடல்கள்

காகிதம் இல்லாத இடம் பாரி. தெற்கு வேல்ஸில், டாய் வுட்ஹாமின் பழைய இரும்புக் கிடங்கு. பிரிட்டிஷ் ரயில்வே விற்ற 297 எஞ்சின்கள் அங்கே வந்தன. சரக்குப் பெட்டிகளை உடைப்பதிலேயே வருமானம் கிடைத்ததால் எஞ்சின்கள் கடற்காற்றில் துருப்பிடித்தபடி ஆண்டுக்கணக்கில் நின்றன. 213 எஞ்சின்கள் அங்கிருந்து மீண்டன. பிரிட்டனின் பாதுகாப்பு இயக்கம் இன்றிருக்கும் அளவுக்கு வளர்ந்ததே அந்தக் கிடங்கினால்தான்.

ஆனால் காத்திருந்த காலத்தில் பாகங்கள் நடந்துபோயின. ஒரு குழு தன் எஞ்சினுக்குத் தேவையானதைப் பக்கத்து எஞ்சினில் கழற்றியது. அந்தப் பக்கத்து எஞ்சினை வாங்க வந்த குழு அதற்கு அடுத்ததில் கழற்றியது. எல்லோரும் நல்லெண்ணத்தோடு செய்த வேலை. பாரியிலிருந்து வந்த எஞ்சினின் தண்டுகளில் இரண்டு மூன்று எண்கள் கிடைத்தால், எது பணிமனையில் நடந்தது, எது கிடங்கில் நடந்தது என்று பிரிப்பது பெரும்பாடு. ஓர் அளவுகோல் உண்டு. பணிமனையில் மாற்றியதற்குப் பெரும்பாலும் கோடிட்டு அடித்துப் புதிய எண் குத்தியிருப்பார்கள். கிடங்கில் மாற்றியதற்குப் பழைய எண் அப்படியே தனியாக நிற்கும்.

பிற்காலத்தில் இது திட்டமிட்ட வேலையாகவே ஆனது. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் சில வகைகள் ஒன்றுகூட மிஞ்சாமல் அழிந்திருந்தன. அவற்றை மறுபடி உருவாக்க, பாரியில் எஞ்சிய எஞ்சின்களைப் பகுத்தார்கள். 7927 வில்லிங்டன் ஹால் இரண்டாகப் பிரிந்தது. அதன் கொதிகலன் 6880 பெட்டன் கிரேஞ்சுக்குப் போனது, சட்டகம் 1014 கவுண்டி ஆஃப் கிளாமர்கனுக்குப் போனது. அந்த 1014க்குக் கொதிகலன் வந்தது 48518 என்ற, எல்.எம்.எஸ்.ஸின் 8எஃப் வகைச் சரக்கு எஞ்சினிலிருந்து. இது விசித்திரமாகத் தெரியலாம், ஆனால் காரணம் வரலாற்றிலேயே இருக்கிறது. போர்க்காலத்தில் கிரேட் வெஸ்டர்னின் ஸ்விண்டன் பணிமனை 8எஃப் எஞ்சின்களைச் செய்தது. அதற்கான அச்சுகளை வைத்துத்தான் பிறகு கவுண்டி வகையின் கொதிகலன்களை உருவாக்கியது. பாகம் அந்நியமானது, ஆனால் உறவு உண்மையானது.

4942 மெய்ண்டி ஹால் முழுதாகவே வேறு எஞ்சினாக மாறி, 2999 லேடி ஆஃப் லெஜண்ட் என்ற பெயரில் 2019இல் டிட்காட்டில் அறிமுகமானது. அழிந்துபோன செயின்ட் வகை அப்படி மீண்டது. 1924இல் செயின்ட் மார்ட்டின் என்ற செயின்ட் வகை எஞ்சினைத் திருத்தித்தான் முதல் ஹால் எஞ்சின் பிறந்தது. 95 ஆண்டுகள் கழித்து ஒரு ஹாலிலிருந்து செயின்ட் பிறந்தது. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்தது போல இருக்கிறது.

தேய்ப்பதற்கு முன்

திருக்கோடிக்காவல் கோயிலைச் செம்பியன் மாதேவியார் கற்றளியாக எடுப்பித்தபோது, பழைய கற்களில் சிதறிக் கிடந்த கல்வெட்டுகளைப் புதிய சுவரில் மறுபடி வெட்டச் செய்தார். வெட்டியவர்கள் அவற்றைப் பழையது போலக் காட்டவில்லை. 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்று சேர்த்தே வெட்டினார்கள். இது படி, மூலம் வேறு கல் என்று பத்தாம் நூற்றாண்டிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். எஞ்சின் புதுப்பிப்பவர்களிடம் நான் எதிர்பார்ப்பது இவ்வளவுதான்.

நடைமுறையில் அதற்கு அதிகம் செலவாகாது. தண்டுகளைப் பளபளப்பாக்க அரைக்கும் சக்கரத்தை எடுப்பதற்கு முன், குத்திய எண் ஒவ்வொன்றையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுக்க வேண்டும். சுண்ணக்கட்டியைத் தேய்த்தால் மங்கிய எண்ணும் எழும். காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுக்கலாம். கோடிட்டு அடித்த எண்ணைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும், ஏனென்றால் பழுதென்று நினைத்து அதைத்தான் முதலில் தேய்க்கிறார்கள். புதிதாகச் செய்த பாகத்தில் செய்த ஆண்டைக் குத்த வேண்டும். கடன் வாங்கிய பாகத்தில், எந்த எஞ்சினிலிருந்து வந்தது என்பதை அடிக்காமல் விட வேண்டும்.

நம் ஊருக்கும் இது பொருந்தும். 1855இல் லீட்ஸ் நகரின் கிட்சன் தொழிற்சாலையில் பிறந்த இரண்டு எஞ்சின்கள், ஃபேரி குயினும் எக்ஸ்பிரஸும், இரண்டுமே சென்னை பெரம்பூர் லோகோ பணிமனையின் கைகளுக்கு வந்தவை. எக்ஸ்பிரஸ் 2010இல் அங்கேதான் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஃபேரி குயின் பின்னாளில் பாகங்கள் திருடுபோய் மறுபடி பெரம்பூருக்கே வந்தது. ஒரே ஆலையில், ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு எஞ்சின்கள் ஒரே பணிமனையில் பிரித்து அடுக்கப்படும்போது, எந்தப் போல்ட் யாருடையது என்பதை எழுதி வைப்பது ஆடம்பரம் அல்ல. அங்கே வேலை செய்த கைகள் சாதித்ததன் மதிப்பு, எது பழையது எது தங்கள் உழைப்பு என்று தெரிந்தால்தான் முழுதாக விளங்கும்.

ராயல் ஸ்காட்டுக்கே திரும்புகிறேன். 1962இல் விலக்கப்பட்டு, அடுத்த ஆண்டு பட்லினின் ஸ்கெக்னெஸ் விடுமுறை முகாமில் குழந்தைகள் வேடிக்கை பார்க்கும் பொருளாக நின்று, பிறகு நார்ஃபோக்கின் பிரெஸ்ஸிங்ஹாமுக்குப் போய், 2009இல் ஓர் அறக்கட்டளையின் கைக்கு வந்து, 2015இல் மறுபடி நீராவி எழுப்பிய எஞ்சின் அது. அதன் இரண்டு தகடுகளையும் மாற்ற வேண்டியதில்லை. மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கலாம். அதில் நான் எழுதுவது இது:

'6100 ராயல் ஸ்காட், கிளாஸ்கோ, 1927: பெயர் மட்டும். 6152 தி கிங்ஸ் டிரகூன் கார்ட்ஸ்மன், டெர்பி, 1930: அமெரிக்கா போன எஞ்சின், 1933 முதல் இந்தப் பெயரில். 1950இல் புதுப்பித்தது: கொதிகலன், சிலிண்டர்கள், புகைப்பெட்டி அப்போதைய வடிவம். மற்றப் பாகங்கள்: குத்திய எண்களின்படி, பட்டியல் உள்ளே.'